காக்கி போட்டால் பட்டாளமா? பள்ளி என்.சி.சி. பற்றி ஓர் எளிய விளக்கம்

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில வாரங்களில் சென்னையின் பல பள்ளி வாசல்களில் ஒரே பேச்சைக் கேட்கலாம். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை, என்.சி.சி.க்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று வீட்டில் கேட்டிருக்கும். "சேர்ந்துட்டா பட்டாளத்துக்குப் போயே ஆகணுமாமே" என்று ஒரு தாய் தயங்குவார். "அதெல்லாம் இல்லை, சர்டிபிகேட் வாங்கினா காலேஜ்ல சீட்டு உறுதி" என்று பக்கத்தில் நிற்பவர் அடித்துச் சொல்வார். "வெயில்ல நிறுத்தி லெஃப்ட் ரைட் போடுவாங்க, வேற என்ன இருக்கு?" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவிடுவார். மூன்றும் தவறான கருத்துகள். ஆனால் மூன்றிலும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அவை இத்தனை காலமாக உயிரோடு இருக்கின்றன. பள்ளி நாளில் இரண்டாண்டு அந்தக் காக்கியைப் போட்டவன் என்ற முறையில், அந்தத் துளி உண்மையையும் அதைச் சுற்றியுள்ள கற்பனையையும் பிரித்துக் காட்ட முயல்கிறேன். ராணுவ நுணுக்கங்களுக்குள் போகாமல், இன்று புதிதாகக் கேள்விப்படும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் தேவையான அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

என்.சி.சி.யின் தமிழ்ப் பெயர் தேசிய மாணவர் படை. அதிலுள்ள 'படை' என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். படை என்றதும் போர், போர் என்றதும் எல்லை என்று மனம் தாவிவிடுகிறது. உண்மையில் இது 1948-ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டத்தால் உருவான ஒரு மாணவர் பயிற்சி அமைப்பு. இதில் சேர்ந்த மாணவரைக் 'கேடட்' என்பார்கள். கேடட்டாக இருப்பதனால் ஒருவர் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார் என்பதை அந்தச் சட்டமே தெளிவாக்கியிருக்கிறது. பள்ளியில் இரண்டாண்டு பயிற்சி முடித்துவிட்டு வணிகவியல் படிக்கப் போகிறவரையும் சமையற்கலை படிக்கப் போகிறவரையும் எந்த அதிகாரியும் தேடி வரமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் சீருடையோடு இயங்கும் வேறு அமைப்புகளோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் உண்டு. சாரண சாரணியர் இயக்கம் வேறு. சாலைப் பாதுகாப்புப் படை வேறு. ஜூனியர் ரெட் கிராஸ் வேறு. நாட்டு நலப்பணித் திட்டம் எனப்படும் என்.எஸ்.எஸ். வேறு. இவற்றில் எதுவும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, என்.சி.சி. மட்டும் வருகிறது. அதேபோல், உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளியோடும் இதை இணைத்துப் பேசக்கூடாது. அது பிள்ளைகளைத் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குத் தயார் செய்வதை நோக்கமாகக் கொண்ட முழுநேர உறைவிடப் பள்ளி. என்.சி.சி.யோ வழக்கமான படிப்புக்கு நடுவே வாரத்தில் சில மணி நேரம் நடக்கும் பயிற்சி.

எப்படி வந்தது?

முதல் உலகப் போர்க் காலத்தில், 1917-இல், பிரிட்டிஷ் அரசு பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஒரு துணைப்படையை உருவாக்கியது. 1920-இல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாறியது. அதன் உள்நோக்கம் வெளிப்படையானது: படையில் ஆட்களுக்குப் பற்றாக்குறை வந்தால் கைகொடுக்கப் படித்த இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். விடுதலையை ஒட்டிய நாட்களில் இந்த நோக்கம் மாறியது. 1946-இல் ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, பள்ளி கல்லூரி இரண்டிலும் நாடு தழுவிய ஒரு மாணவர் அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி 1948-இல் சட்டம் வந்து, அவ்வாண்டு ஜூலை 15-இல் என்.சி.சி. பிறந்தது. முதல் இயக்குநராக இருந்த கர்னல் ஜி.ஜி.பேவூர் பின்னாளில் தரைப்படைத் தளபதியாகவே உயர்ந்தார். 1949-இல் மாணவியர் பிரிவும், 1950-இல் விமானப் பிரிவும், 1952-இல் கடற்பிரிவும் சேர்ந்துகொண்டன.

இன்றும் சில தாத்தாக்கள் "எங்க காலத்துல என்.சி.சி. கட்டாயம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. 1962-இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு 1963-இல் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது; 1968-இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த ஐந்தாண்டு நினைவுதான் இன்னும் சில வீடுகளில் சட்டம் போலப் பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்

என்.சி.சி. யாருடையது? ராணுவத்துடையதா, மாநில அரசுடையதா, பள்ளியுடையதா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றக் குழப்பங்களில் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும். நம் தெருமுனை ரேஷன் கடையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அரிசியில் பெரும்பகுதி மத்தியத் தொகுப்பிலிருந்து வருகிறது. கடையை நடத்துவதும் அட்டை கொடுப்பதும் மாநிலம். பையை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பது நாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அரிசி வீடு வந்து சேராது. என்.சி.சி.யும் ஏறக்குறைய இதே அமைப்புத்தான். ராணுவ அதிகாரிகள், பயிற்றுநர்கள், துப்பாக்கிகள் ஆகியவை மத்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வழியே வருகின்றன. அலுவலகக் கட்டடம், எழுத்தர் போன்ற சிவில் ஊழியர்கள், முகாம் செலவில் ஒரு பங்கு ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. மாணவர்களையும் மைதானத்தையும் பொறுப்பாசிரியரையும் பள்ளி தருகிறது. அரசு இடங்கள் கிடைக்காத தனியார் பள்ளிகள் செலவைத் தாமே ஏற்று நடத்தும் முழு சுயநிதித் திட்டமும் இருக்கிறது. ஆனால் அங்கும் பயிற்சி ராணுவத்தின் மேற்பார்வையில்தான் நடக்கும்.

மேலிருந்து கீழே வந்தால் ஏணி இப்படி இருக்கும். டெல்லியில் லெப்டினென்ட் ஜெனரல் நிலையிலுள்ள தலைமை இயக்குநர். அவருக்குக் கீழ் நாடு முழுவதும் 17 இயக்ககங்கள். அவற்றில் ஒன்று தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் தீவுகள் மூன்றுக்கும் சேர்த்துச் சென்னையில் இயங்குகிறது. இயக்ககத்தின் கீழ் 'குரூப்' எனப்படும் வட்டாரத் தலைமையகங்கள் உள்ளன. சென்னைக்கு மட்டுமே 'ஏ', 'பி' என்று இரண்டு குரூப்கள் இருக்கின்றன. குரூப்பின் கீழ் வருவது 'யூனிட்'. தரைப்படைப் பிரிவில் அதைப் பட்டாலியன் என்பார்கள். ஒரு பள்ளியின் கேடட்டுகள் ஏதாவது ஒரு யூனிட்டின் பதிவேட்டில் கட்டாயம் இருப்பார்கள். உங்கள் பிள்ளையிடம் "எந்த யூனிட்?" என்று கேட்டால் எண்ணோடு விடை வரவேண்டும்.

பள்ளிக்குள் இரண்டு பேரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் ஏ.என்.ஓ., அதாவது இணை என்.சி.சி. அலுவலர். இவர் அதே பள்ளியில் கணக்கோ வரலாறோ உடற்கல்வியோ கற்பிக்கும் ஆசிரியர். ஆண்கள் நாக்பூருக்கு அருகேயுள்ள காம்டியிலும் பெண்கள் குவாலியரிலும் உள்ள பயிற்சி அகாடமிக்குப் போய்ப் பயிற்சி முடித்து வந்த பிறகு, அவருக்கு என்.சி.சி. தரநிலை வழங்கப்படும், பள்ளி அளவில் அது 'தேர்டு ஆபீசர்' என்ற படியிலிருந்து தொடங்கும். காலையில் கரும்பலகை முன் நிற்கும் அதே ஆசிரியர் மாலையில் தோளில் பட்டையோடு வந்து நிற்பதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்குச் சற்று வேடிக்கையாகவும் சற்றுப் பயமாகவும் இருக்கும். இன்னொருவர் பி.ஐ. ஸ்டாஃப், அதாவது நிலைப் பயிற்றுநர். இவர் படைகளில் பணியில் இருக்கும் ஹவில்தார் அல்லது சுபேதார் நிலை வீரர். சில ஆண்டுகளுக்கு யூனிட்டில் பணியமர்த்தப்பட்டு, பல பள்ளிகளுக்குச் சுற்றுமுறையில் வந்து பயிற்சி தருபவர்.

இந்த ஏணியை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்த ஒரு போலி முகாமில் மாணவியர் பாலியல் கொடுமைக்கு உள்ளான செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அந்தப் பள்ளிக்கும் என்.சி.சி.க்கும் தொடர்பே இல்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. காக்கி உடையும் உரத்த குரலும் இருந்தால் அதுவே என்.சி.சி. என்று ஊரே நம்பிவிடும் நிலை இருந்ததால்தான் அந்த ஏமாற்று எளிதாக நடந்தது. உண்மையான முகாமுக்கு யூனிட்டிலிருந்து ஆணை வரும், பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்கப்படும், மாணவியர் செல்லும்போது பெண் அலுவலரோ பெண் பயிற்றுநரோ உடனிருப்பார். இவற்றில் எதுவும் இல்லையென்றால், பிள்ளையை அனுப்பாமல் யூனிட் அலுவலகத்தில் விசாரிப்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: என்.சி.சி. மத்திய அரசு, மாநில அரசு, பள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்தும் அமைப்பு. ஒவ்வொரு பள்ளியும் ஒரு யூனிட்டுக்குக் கட்டுப்பட்டது. பள்ளியில் அதன் முகம் ஏ.என்.ஓ.; யூனிட்டிலிருந்து வரும் முகம் பி.ஐ. ஸ்டாஃப்.

யார் சேரலாம்?

பள்ளி அளவிலான பிரிவை மாணவர்களுக்கு ஜூனியர் டிவிஷன் என்றும் மாணவியருக்கு ஜூனியர் விங் என்றும் அழைக்கிறார்கள். 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சி இரண்டு ஆண்டு. கல்லூரி அளவில் இவை சீனியர் டிவிஷன், சீனியர் விங். இடங்கள் குறைவு; எனவே உடற்தகுதியும் ஆர்வமும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு குறுக்கே வந்துவிடக்கூடாது என்பதால் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலேயே சேர்த்துக்கொள்வது பல பள்ளிகளின் வழக்கம்.

அணிவகுப்பு: வெறும் லெஃப்ட் ரைட் தானா?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது என்பதால் சற்று நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அணிவகுப்புப் பயிற்சியை 'டிரில்' என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே அசைவைச் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்வதாகத் தெரியும். மயிலாப்பூரில் ஏதாவது ஒரு நாட்டியப் பள்ளியின் ஜன்னலோரம் மாலையில் நின்று பாருங்கள். சிறுமிகள் அரைமண்டியில் அமர்ந்து ஒரே அடவை நூறு முறை செய்துகொண்டிருப்பார்கள். அரைமண்டி தன்னளவில் நடனமாகாது. ஆனால் அது சரியாக அமையாமல் எந்த நடனமும் தொடங்காது. டிரில்லில் அந்த இடத்தில் இருப்பது 'சாவ்தான்'. குதிகால்கள் ஒட்டி, பாதங்கள் 30 பாகைக் கோணத்தில் விரிந்து, கைகள் உடலோடு ஒட்டி, பார்வை நேராக, அசையாமல் நிற்கும் நிலை அது. எல்லா அசைவும் அதிலிருந்து பிறந்து அதிலேயே முடியும். அதற்கு இளைப்பாறுதலாக இருப்பது 'விஷ்ராம்'. இதில் இடது காலை விலக்கிக் கைகளைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். அதிலும் தளர்ந்து உடலைச் சற்று அசைத்துக்கொள்ள அனுமதிப்பது 'ஆராம் சே'. வெயிலில் அரை மணி நேரம் நின்றவனுக்கு 'ஆராம் சே' என்ற இரண்டு சொற்களின் இனிமை எந்தப் பாட்டிலும் கிடைக்காது.

இனி உள்ளே இருக்கும் உண்மையான இயக்கமுறைக்கு வருவோம். பட்டினப்பாக்கம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கயிற்றைப் பிடித்து முப்பது பேர் நிற்பார்கள். ஒருவர் குரலை நீட்டி ஏதோ சொல்வார். அந்தக் குரல் ஏறும்போது யாரும் இழுப்பதில்லை, உடலை மட்டும் தயார் செய்துகொள்கிறார்கள். குரல் வெட்டென்று விழும் கணத்தில் முப்பது பேரின் பலமும் ஒரே கயிற்றில் இறங்குகிறது. ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் வலை ஓர் அடிகூட நகராது. டிரில்லில் கொடுக்கப்படும் ஒவ்வோர் ஆணையும் இதே வடிவில் இரண்டு துண்டாக இருக்கும். முதல் துண்டு எச்சரிக்கைச் சொல்: அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லும்; நீட்டி ஒலிக்கும். இரண்டாவது துண்டு நிறைவேற்றச் சொல்: எப்போது செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும், சுருக்கென்று ஒலிக்கும். 'தைனேஏஏ' என்று குரல் நீளும்போது வலப்பக்கம் திரும்பப் போகிறோம் என்று மூளை அறிந்துகொள்கிறது. 'முட்!' என்ற சொல் விழும்போதுதான் உடல் திரும்ப வேண்டும். முந்திக்கொண்டு திரும்புகிறவனும் தவறு செய்கிறான், பிந்தித் திரும்புகிறவனும் தவறு செய்கிறான். திரும்புவதுங்கூட ஒரே அசைவாக நடப்பதில்லை. வலது குதிகாலையும் இடது முன்பாதத்தையும் ஊன்றி உடலைத் திருப்பி, ஓர் இடைவெளி விட்டு, பிறகு இடது காலை வலது காலோடு சேர்க்க வேண்டும். 'ஏக், தோ தீன், ஏக்' என்று எண்ணிக்கொண்டே பழகுவது அந்த இடைவெளிக்காகத்தான்.

டிரில் கற்பிப்பது கீழ்ப்படிதலை என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி விடையாகவே படுகிறது. கீழ்ப்படிய வேண்டுமென்றால் சொன்னவுடன் செய்தால் போதும். டிரில்லோ, சொல் முழுதாக விழும்வரை காத்திருக்கச் சொல்கிறது. பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஓடுவதைவிடக் கடினமானது, என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் அரை நொடி அசையாமல் இருப்பது.

அணியை உருவாக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 'லம்பா தைனே, சோட்டா பாயே' என்ற ஆணை கேட்டதும் உயரமானவர்கள் வலப்பக்கமும் குட்டையானவர்கள் இடப்பக்கமுமாக ஒரே வரிசையில் நிற்பார்கள். பிறகு எண்ணிக்கை சொல்லி மூன்று வரிசையாகப் பிரியும்போது, உயரமானவர்கள் இரு ஓரங்களிலும் குட்டையானவர்கள் நடுவிலுமாக அமைவார்கள். குடியரசு தினத்தன்று காமராஜர் சாலையில் அணி நடந்து வரும்போது மேல்விளிம்பு தோரணம் போல மெல்ல வளைந்து தெரிவதன் ரகசியம் இதுதான். அடுத்து 'தைனே சஜ்': வலக்கை முட்டியை நீட்டிப் பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தொட்டு இடைவெளியை ஒழுங்கு செய்துகொள்வது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதைப் போன்ற வேலை அது. புள்ளி சாய்ந்தால் பிறகு இழுக்கும் கோடு எதுவும் தேறாது.

இதுவரை டிரில்லைப் பற்றிப் பார்த்தது இவ்வளவு: சாவ்தான் என்பது அடிப்படை நிலை. ஆணை இரண்டு துண்டாக வரும். முதல் துண்டில் மனம் தயாராகும், இரண்டாவதில் உடல் இயங்கும். உயர வரிசையும் இடைவெளியும் அணியின் தோற்றத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆணைகள் ஏன் இந்தியில்?

சென்னையில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது, எழவும் வேண்டும். நாட்டின் படைகளில் அணிவகுப்பு ஆணைகள் இந்தியில் இருப்பதால், அவற்றைப் பின்பற்றும் என்.சி.சி.யிலும் அப்படியே வந்துவிட்டன. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு சட்டமன்றம் மொழிக்கொள்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மும்மொழித் திட்டத்தைக் கைவிட்டு இருமொழிக் கொள்கையை ஏற்ற அதே தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்தி ஆணைச்சொற்கள் கூடாது என்பதும் இடம்பெற்றிருந்தது என்பதை இன்றைய கேடட்டுகளில் பலர் அறியமாட்டார்கள். ஒரு மைதானத்து ஆணைச்சொல் சட்டமன்றம்வரை போன வரலாறு இந்த ஊருக்கு உண்டு. இன்று நடைமுறையில் மைதானங்களில் இந்தி ஆணைகளே ஒலிக்கின்றன. பொருள் தெரியாமல் ஒலியை மட்டும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகள் தம் வசதிக்கேற்ப அவற்றை வளைத்துக்கொள்கிறார்கள். நிற்கச் சொல்லும் 'தம்' என்ற ஆணையை முதன்முதலில் கேட்ட நாளில் எங்கள் வரிசை முழுவதும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது, பி.ஐ. ஸ்டாஃபுக்குத் தமிழில் அந்தச் சொல்லின் பொருள் தெரியாததால் அன்று தப்பித்தோம்.

சல்யூட் யாருக்கு?

சல்யூட் என்பது பெரியவர் என்பதற்காகவோ பயத்தாலோ அடிக்கும் கும்பிடு அல்ல. படைகளில் அதிகாரிக்கு அந்தப் பதவியைக் குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கும் ஆணையைக் 'கமிஷன்' என்பார்கள். சல்யூட் அந்தக் கமிஷனுக்கு உரியது. அதைப் பெற்றிருப்பவர் யார் என்பது இரண்டாவது செய்தி. கோயில் உற்சவத்தில் மாலை வாங்கிக்கொள்பவர் தம் சொந்தப் பெயருக்காக அதை வாங்குவதில்லையே, அதைப் போல. அதிகாரியும் திரும்பச் சல்யூட் அடித்தாக வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். அது இருவழிப் பாதை.

மூன்று படைகளிலும் சல்யூட் மூன்று விதமாக இருக்கும். தரைப்படையில் உள்ளங்கை எதிரே நிற்பவருக்குத் தெரியும். கடற்படையில் உள்ளங்கை கீழ்நோக்கி மறைந்திருக்கும்; கயிறும் தாரும் புழங்கிய கப்பலோட்டிகளின் அழுக்குக் கை அதிகாரியின் கண்ணில் படக்கூடாது என்பதால் வந்த வழக்கம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். விமானப்படையில் 2006-இலிருந்து கை 45 பாகை சாய்ந்திருக்கும். என்.சி.சி.யின் கொடியிலும் இந்த மூன்று படைகளும் நிறங்களாக இருக்கின்றன: சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. நடுவிலுள்ள சின்னத்தைச் சுற்றிய 17 தாமரைகள் முன்பு சொன்ன 17 இயக்ககங்களைக் குறிக்கின்றன. குறிக்கோள் வாசகம் 'ஒற்றுமையும் ஒழுக்கமும்'. நவம்பர் மாதத்தின் நான்காம் ஞாயிறு என்.சி.சி. நாள், பல இடங்களில் அன்று ரத்ததானமும் கடற்கரைத் தூய்மைப் பணியும் நடக்கும்.

பாலிஷும் பதவியும்

தரைப்படைப் பிரிவின் காக்கியில் பிள்ளைகள் பெருமையாகக் காட்டுவது, பெரே தொப்பியில் செருகியிருக்கும் சிவப்பு இறகுக் கொத்தை. அதை 'ஹேக்கல்' என்பார்கள். அணிவகுப்புக்கு முந்தைய இரவு வீட்டில் நடக்கும் வேலை தனிக்கதை. செர்ரி பிளாசம் டப்பாவும் பழைய பனியன் துணியுமாக உட்கார்ந்து, பூட்ஸின் முனையில் முகம் தெரியும்வரை வட்டவட்டமாகத் தேய்ப்பதும், பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் பிராஸோ போட்டுத் துலக்குவதும், சட்டைக்குக் கஞ்சி போட்டு மடிப்பு கலையாமல் தொங்கவிடுவதும். தன் உடையைத் தானே துவைத்து அறியாத ஒரு பையன் அதைச் செய்வதைக் கண்டு என் அம்மா அடைந்த வியப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு விதிமுறையையும் இங்கே சொல்ல வேண்டும்: கடைத்தெருவில் சுற்றுவதற்காக இந்த உடையைப் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

பள்ளிக் கேடட்டுகளுக்குள் லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட் என்ற படிநிலைகள் உண்டு. அண்டர் ஆபீசர் என்ற பதவி கல்லூரி அளவில் மட்டுமே. இவை வகுப்புத் தலைவர் பொறுப்பைப் போன்றவை. அணியைச் சேர்ப்பது, வருகை எடுப்பது, புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை அவர்கள் வேலை. தண்டிப்பது அவர்கள் வேலையில்லை. 2023-இல் மகாராஷ்டிரத்தின் தாணேவில் ஒரு கல்லூரியில் மூத்த மாணவர் ஒருவர் மழைநீரில் கவிழ்ந்து கிடந்த இளைய கேடட்டுகளைக் கம்பால் அடித்த காட்சி வெளியாகி நாடே கண்டித்தது. 'ரகடா' என்ற பெயரில் சில இடங்களில் நடக்கும் இத்தகைய கொடுமைகளை மரபு என்று சொல்லி நியாயப்படுத்துகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கு இடமில்லை. பிள்ளை வந்து சொன்னால் உடனே ஏ.என்.ஓ.வையோ யூனிட்டையோ அணுக வேண்டும்.

முகாமும் துப்பாக்கியும்

பெற்றோருக்கு வரும் அடுத்த கேள்வி துப்பாக்கியைப் பற்றியது. மைதானத்தில் தூக்கிக்கொண்டு நடப்பவை பெரும்பாலும் சுடமுடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்ட டிரில் துப்பாக்கிகள். உண்மையாகச் சுடுவது, அதற்கென அமைந்த சுடுதளத்தில், பயிற்றுநர் பக்கத்திலிருக்க, சிறிய .22 ரைபிளில் சில தோட்டாக்கள் மட்டுமே. பாடத்திட்டத்தில் ஆயுதம் ஒரு பகுதிதான். வரைபடம் படித்தல், முதலுதவி, பேரிடர் மேலாண்மை, உடல்நலம், சமூகப்பணி ஆகியவையும் உண்டு. வெள்ளம் வந்தால் திண்டாடும் நம் ஊருக்குப் பேரிடர் பாடம் மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆண்டுப் பயிற்சி முகாம் ஏறக்குறைய பத்து நாள் நடக்கும். விடியலுக்கு முன் எழுந்து, வரிசையில் நின்று தட்டில் உணவு வாங்கி, தன் தட்டைத் தானே கழுவி, வேறு பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் படுத்து உறங்கும் அனுபவம் அது. இதற்கெல்லாம் உச்சமாகக் கருதப்படுவது ஜனவரியில் டெல்லியில் நடக்கும் குடியரசு தின முகாம். இயக்ககம் வாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கடமைப் பாதையில் அணிவகுத்துச் செல்வார்கள். பிரதமர் பங்கேற்கும் பேரணியோடு முகாம் நிறைவடையும். அதற்கான தேர்வு யூனிட், குரூப், இயக்ககம் என்று பல படிகளில் மாதக்கணக்கில் நடப்பதால், அந்த ஆண்டு பிள்ளையின் படிப்பையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கும்.

சான்றிதழ் எதைத் தரும்?

பள்ளியில் இரண்டாண்டு முடித்தவர் எழுதுவது 'ஏ' சான்றிதழ்த் தேர்வு. அதற்கு 75 விழுக்காடு வருகையும் ஒரு முகாமும் தேவை. வருகையைக் கோட்டைவிட்டுவிட்டுக் கடைசியில் வருந்துகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் 'பி', மூன்றாம் ஆண்டில் 'சி'. எழுத்தின் வரிசையைப் பார்த்து 'ஏ' தான் உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே 'சி'யே உச்சம்.

'ஏ' சான்றிதழைக் காட்டினால் கல்லூரியில் இடம் உறுதி என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு. சில சேர்க்கைகளில் சலுகை இருக்கலாம். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் காவல்துறைப் பணித்தேர்வுகளில் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் தரும் வழக்கம் இருக்கிறது. படைகளில் வீரர்களாகச் சேரும் தேர்வுகளிலும் சான்றிதழின் நிலைக்கேற்பக் கூடுதல் மதிப்பெண் உண்டு.

'சி' சான்றிதழின் பயன் நம் ஊருக்கு மிக அருகில் இருக்கிறது. பரங்கிமலையில் 1963 முதல் இயங்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமி, தரைப்படையின் குறுகிய காலப் பணிக்கு அதிகாரிகளை உருவாக்குகிறது. பட்டப்படிப்பும் 'சி' சான்றிதழ்த் தேர்வில் குறைந்தது 'பி' கிரேடும் உள்ளவர்கள், என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக எழுத்துத் தேர்வு இல்லாமல் விண்ணப்பிக்கலாம். முதல் பத்தியில் அந்தத் தாய் பயந்த 'பட்டாளம்' இதுதான். விண்ணப்பிக்கிறவர் மட்டுமே அதற்குள் போக முடியும். அங்கும் சான்றிதழ் வாசல்வரைதான் வரும். விண்ணப்பங்களை வடிகட்டிய பிறகு, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடத்தும் நேர்முகத் தேர்வில், காக்கியே போட்டறியாத பட்டதாரிகளோடு மார்பில் எண் அட்டை மாட்டிக்கொண்டு, அவர்களுக்கு வைக்கும் அதே சோதனைகளைக் கேடட்டும் எதிர்கொண்டாக வேண்டும்.